பாய் பூட்டிய மாடிக் கதவு

பூட்டியிருந்த ஒரு கதவைத் திறந்திருந்தது என்று பன்னிரண்டு வயதில் பொய் சொன்னேன். அதனால் ஒருவர் கடையை இழந்தார். கதவைத் திறந்தவன் நான்தான்.

திருவண்ணாமலை தேரடி வீதியில், தேர் திரும்பும் முனையில், பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டடம் ஒன்று இருந்தது. கீழே ஐந்து கடைகள். மேலே வீதியைப் பார்த்த மரப் பால்கனி. அப்பாவின் ஜவுளிக்கடையை ஒட்டி பாயின் இரும்புக்கடை. பூட்டு, தாழ்ப்பாள், சங்கிலி விற்பார். மாடி அவர் பொறுப்பில் இருந்தது. கார்த்திகைத் தேரன்று வீதிக் குடும்பங்களெல்லாம் அங்கே ஏறித்தான் சாமி பார்க்கும். அந்த வருஷம் உத்தரத்தில் கரையான். பாய் படிக்கட்டுக் கதவைப் பூட்டிவிட்டார்.

"கலெக்டரே வந்தாலும் இந்த வருஷம் மேல ஏற முடியாதுங்க" என்று அப்பாவிடம் சொன்னார்.

நானோ சாமி முகத்துக்கு நேராக நிற்கப்போவதாக வகுப்பு முழுக்கப் பீற்றிவைத்திருந்தேன்.

தேர் வருமுன் கடைக்காரர்கள் வாசல் பந்தலைப் பிரித்து வழிவிட வேண்டும். பாய் ஏணியில் நின்று தார்ப்பாய் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தேன். சாவியை அதே ஆணியில் திரும்ப மாட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். "மாடிக்கதவு தெறந்திருக்குக்கா, வா."

தேர் முனைக்கு வந்து நின்றது. சக்கரத்துக்குக் கட்டை போட்டார்கள். வடம் மறுபடி இறுகியது. கூட்டம் கத்தியதில் காலடியில் பலகை முனகியது எனக்கு மட்டும்தான் கேட்டது. அக்கா கைகூப்பிக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தாள். அந்த அடியோடு பலகை போய்விட்டது. பந்தல் இருந்திருந்தால் தார்ப்பாய் அவளைத் தாங்கியிருக்கும். கல்தரையில் விழுந்தாள். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

மறுநாள் கட்டட முதலாளி வந்தார். கடை வாசலில் எல்லோரும் பார்க்க அப்பா என்னைக் கேட்டார்.

"பூட்டியிருந்துச்சா, தெறந்திருந்துச்சா?"

"தெறந்துதாம்ப்பா இருந்துச்சு."

பாய் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். "பூட்டினேனே..." என்றார். அவ்வளவுதான்.

"ஊருக்கே பூட்டு விக்கறவரு, சொந்தக் கதவப் பூட்டலியாம்!" என்று யாரோ சொல்ல, வீதி சிரித்தது. தை பிறப்பதற்குள் முதலாளி அவரைக் காலிசெய்ய வைத்தார். பாயின் தாத்தா பிடித்த கடை அது.

நான் படித்தேன், வாத்தியாரானேன், பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சின் மேல் நிறுத்தினேன்.

போன மாதம் அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். குவியலில் படிக்கட்டுக் கதவு கிடந்தது, தாழ்ப்பாளோடு. அன்றே அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "என் கால விடு. பாய் வீட்ல போய்ச் சொன்னியா?" என்றாள்.

பாயின் மகன் வேங்கிக்காலில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடை சாத்துகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதை வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன்.

"அத்தா இருக்கறப்போ வந்திருக்கணும் சார் நீங்க" என்றார். "தான்தான் மறந்துட்டோம்னு நெனச்சிக்கிட்டே போய்ச் சேர்ந்தாரு. ராத்திரி படுத்தப்புறம் எழுந்து போய்க் கதவ இழுத்துப் பாப்பாரு. பூட்டித்தான் இருக்குன்னு அம்மா எத்தினி தபா சொன்னாலும் நம்ப மாட்டாரு."

கடையை மட்டும்தான் பறித்தேன் என்று அறுபது வருஷம் நினைத்திருந்தேன்.

"அம்மா இருக்காங்க. தொழுதுட்டு வரேன், நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க" என்று ஷட்டரை இறக்கிப் பூட்டினார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். என்னோடு பத்தடி நடந்தவர், என்னை நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.