செவ்வரளி சொன்ன வீடு

எங்கள் அக்கா நாச்சியம்மாள் பொய் சொன்னால் முதலில் காது சிவக்கும், அப்புறம் மூக்கு. அதனால் வீட்டில் யாரும் அவளை விசாரிக்கிற வழக்கமே இல்லை, முகத்தைப் பார்த்தால் போதும். அப்படிப்பட்டவள் இதுவரைக்கும் ஒரே ஒரு தடவைதான் ஏமாற்றியிருக்கிறாள். ஏமாற்றின ஆள் எங்கள் ஊர் மாரியம்மன்.

காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் உள்ளூரிலேயே. மச்சான் ஆறுச்சாமிக்கு இருந்தது வானம் பார்த்த பூமி. வானம்தான் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன் என்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் கிணறும் வற்றிப்போக, மச்சான் கோயமுத்தூர் போய் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் வேலை பிடித்துக்கொண்டு வந்தார். குடும்பத்தோடு போயாக வேண்டும். மூத்தவள் ராசாத்தாளுக்கு ஐந்து வயது. சின்னவன் மாசாணம் அப்போதுதான் நடை பழகியிருந்தான், சளி பிடித்தால் அவனுக்கு நெஞ்சு இழுக்கும்.

மச்சான் இரண்டு வீடு பார்த்து வைத்திருந்தார். ஐப்பசியில் எல்லாருமாகப் பார்க்கப் போனோம், நானும் தொற்றிக்கொண்டேன். ஒரு வீடு ஆலைக்குப் பக்கத்தில். சோளக்காட்டை மனையாகப் பிரித்து, விரல் விட்டு எண்ணுகிற மாதிரி வீடுகள், சுற்றிலும் முள்வேலி. காற்றுக்குப் பஞ்சமில்லை, பேச்சுத்துணைக்குத்தான் ஓணானைப் பிடிக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஒரு வாய் குடித்த ராசாத்தாள் துப்பிவிட்டு, "மாமா, இதுல சோறாக்குனா உப்பே போட வேண்டாமல்ல" என்றாள்.

மற்றது டவுனுக்குள், ஒரு சந்தில் லைன் வீடு. ஒரே வாசலைச் சுற்றி வரிசையாகக் குடித்தனங்கள், ஆளுக்கொரு அறை. இருந்த இடத்திலிருந்து கையை நீட்டினால் பக்கத்து வீட்டு அடுப்பில் களி கிண்டலாம். ஆனால் சந்து முனையில் சிறுவாணிக் குழாய் இருந்தது. அக்கா அதைத் திருகினாள், தண்ணீர் வந்தது. மூடினாள். மறுபடியும் திருகினாள். அந்த லைனிலேயே குடியிருக்கிற சாஜிதா பேகம் குடத்தோடு பின்னால் நின்றார்.

"ஏனுங்க அம்மணி, கொழா எங்கயும் ஓடிப் போயிராதுங்க."

அக்காவுக்கு வெட்கம், ஆனாலும் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை. எங்கள் ஊரில் நல்ல தண்ணீருக்கு மூன்று காடு தாண்ட வேண்டும். மாசாணத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசி மாதம் வரைக்கும் அப்படிச் சுமந்தவள்.

வீட்டுக்குப் பின்னால் உயரமான சுவரும் தகரக் கொட்டகையும் தெரிந்தன. என்ன அது என்று மச்சான் கேட்டதற்கு வீட்டுக்காரர் லட்சுமணசாமி, "ஜின்னிங் பேக்டரிங்க, பருத்தியில கொட்டை பிரிக்கிற எடம். சத்தமே இல்லீங்க, கேட்டுப் பாருங்க" என்றார்.

கேட்டோம், சத்தமே இல்லை. பருத்தி வெள்ளாமை செய்கிற ஜனங்கள்தான் நாங்கள். ஐப்பசியில் பருத்தி முளைத்து நாலு இலைதான் விட்டிருக்கும், மாசி பிறந்தால்தான் எடுப்பு என்று எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. எல்லாரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே வழக்கு ஆரம்பமானது.

"ஆலைப் பக்கமுன்னா சங்கு ஊதுனப்பறம் கெளம்புனாக்கூட நேரத்துக்குப் போயிருவேன் அம்மணி. டவுனுல இருந்தா சைக்கிள் மிதிச்சே என் காலு தேஞ்சு போகும்."

"உங்க காலு தேயட்டுங்க. என் தலை தேஞ்சது போதுங்க."

தீரவில்லை. கடைசியில் பூக் கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. இழுபறியான காரியத்துக்கெல்லாம் எங்கள் பக்கம் இதுதான் வழி. செவ்வரளி, வெள்ளரளி இரண்டையும் தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்துக் கட்டி, ஆத்தா காலடியில் போட்டு, அறியாப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் டவுன், வெள்ளை வந்தால் ஆலைப் பக்கம் என்று பேச்சு. பூசை செய்கிற பண்டாரத்துக்குக் கை நடுக்கம், அதனால் பொட்டலத்தை அக்காவே கட்டினாள்.

ராசாத்தாள் எடுத்துக் கொடுத்தாள். பண்டாரம் பிரித்தார். சிவப்பு. மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தாளே சொல்லிப்போட்டா. அப்பறம் நானாரு."

மிச்சப் பொட்டலத்தை யாரும் பிரிக்கிற வழக்கமில்லை. ஆனால் அக்காவின் காது சிவந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் நான் எடுத்துப் பிரித்தேன். அதுவும் சிவப்பு. ஊரில் திருட்டு வேலைக்கெல்லாம் பேர் போனவன் நான், எனக்கே தோன்றாத வேலை.

"அக்கா" என்றேன்.

"கெணத்துல போட்டுப்போட்டு வா கண்ணு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். போட்டேன். வற்றின கிணறு, விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

கார்த்திகையில் குடிபோனார்கள். தைப்பொங்கலுக்குச் சீர் கொண்டு போனபோது அக்கா ராணி மாதிரி இருந்தாள், கண்ணில் பட்ட பாத்திரத்தையெல்லாம் கழுவினாள். மாசியில் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இஞ்சின் ஓட ஆரம்பித்தது.

அடுத்த தடவை நான் போனபோது வாசலெல்லாம் வெள்ளை. குழம்பில் பஞ்சு, பாயில் பஞ்சு, ராசாத்தாளின் புருவத்தில் பஞ்சு. அக்கா ஜன்னலுக்கு ஈரச் சேலை கட்டியிருந்தாள், சேலைக்கும் நரை விழுந்திருந்தது. மாசாணத்தை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். படுக்க வைத்தால் அவனுக்கு மூச்சு வரவில்லை. சாஜிதா பேகம் வெந்நீர் கொண்டுவந்து ஆவி காட்டினார். பஞ்சுத் தூசியை விட்டுக் கூட்டிப் போனால்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"ஆலைப் பக்கத்து ஊடு இன்னும் காலியாத்தான் இருக்குது" என்றார் மச்சான். "ஆனா ஆத்தா சொன்ன ஊட்ட உட்டுப்போட்டுப் போயி, அங்க பையனுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

அக்கா மாசாணத்தின் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். உண்மையைச் சொன்னால் பையனுக்கு வந்த இழுப்பு அவள் செய்த வேலையால்தான் என்று ஆகிவிடும். அவளே அப்படித்தான் நினைத்திருந்தாள். இன்னொருத்தர் வாயால் அதைக் கேட்கத் தெம்பில்லை.

"மறுபடியும் கேட்டுப் பாக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஊருக்கு வந்தார்கள். கோயிலுக்குப் போகும்போது நான் அவள் காதோடு சொன்னேன்: "ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுக் குடுக்கறனுங்க அக்கா. எனக்கு இதெல்லாம் சாதாரணம்."

"வேண்டாம் கண்ணு. இந்தத் தடவெ நேரா இருக்கட்டும்."

ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. என் கண் முன்னாலேயே கட்டினாள். ராசாத்தாள் இரண்டு பொட்டலத்தின் மேலும் கையைக் கொண்டுபோய், யோசித்து, ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

"ரெண்டு தடவெ சொல்லிப்போட்டா" என்றார் மச்சான். "இனிக் கேட்டா அது கும்புடற மாதிரி இருக்காது."

அக்காவின் காது அன்றைக்குச் சிவக்கவில்லை. வெளியே வந்து அரளிச் செடிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அப்ப மொதத் தடவெயும் நேராக் கட்டியிருந்தா என்னடா வந்திருக்கும்?"

பதிலுக்கு ஒரு கேலி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன்.

"தெரியலீங்க அக்கா."

மாசாணம் எங்களோடு தங்கிவிட்டான். அம்மா பால் காய்ச்சிக் கொடுத்தாள், தூக்கிச் சுமந்தது நான். இழுப்பு நின்றது. வைக்கோல் போரில் புரண்டான், என் மயிரைப் பிடுங்கினான், கெட்ட வார்த்தை ஒன்றும் கற்றுக்கொண்டான். அதை யார் கற்றுக்கொடுத்தது என்று ஊரே என்னைப் பார்த்தது. ஆடி பிறந்து இஞ்சின் நின்றது என்று தெரிந்ததும் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனேன்.

அக்கா சந்து முனையிலேயே நின்றிருந்தாள். "வா சாமி" என்று கையை நீட்டினாள். அவன் என் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, யாரோ ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்தான்.

"அம்மாடா, போடா" என்று தள்ளினேன், போகவில்லை. மாசி வந்தால் மறுபடியும் இதே பஸ்ஸில் இவனைத் திருப்பிக் கூட்டிப் போகப் போகிறவனும் நான்தான். அக்காவுக்கும் அது தெரியும்.

அவள் நீட்டின கையை மடக்கிக்கொண்டாள். திரும்பி, குடத்தோடு நின்ற வரிசையை விலக்கிப் போய்க் குழாயைத் திருகினாள். தண்ணீர் கல்லில் விழுந்து தெறித்தது. மாசாணம் என் காலை விட்டான். ஒவ்வொரு எட்டாக வைத்துப் போய், அவளைப் பார்க்காமல், தண்ணீருக்குள் இரண்டு கையையும் விட்டான். அக்கா பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து அவன் முதுகில் மெல்லக் கை வைத்தாள்.

குழாயை அவள் மூடவில்லை. பின்னால் நின்ற சாஜிதா பேகம் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.