அடிப்பிடித்த சோறு

மாட்டுங்காவில் ஓர் ஈரானிய அம்மாள் வீட்டுக்கு நான் சமையல் உதவிக்குப் போகிறேன். கல்யாணமாகி ஈரானிலிருந்து பம்பாய்க்கு வந்தவர்; கணவர் இப்போது இல்லை. கடைகண்ணிக்குப் போனால் அவருக்கு ஹிந்தி சரளமாக ஓடும். அடுப்பை மூட்டிவிட்டால் பாரசீகம்தான் வரும். பானை தீக். சோறு வடிக்கும் கண் பாத்திரம் ஆப்கேஷ். தட்டைக் கரண்டி கஃப்கீர். தவாவைத் தாபே என்றார். அது மட்டும் தூரத்துச் சொந்தம்போல் உடனே ஒட்டிக்கொண்டது. எனக்கு முன்னால் இரண்டு பேர் இதற்குப் பயந்தே ஓடியிருந்தார்கள். எனக்கோ ரோஷம். பத்தே நாளில் கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். தாராவிக்குத் திரும்பி வந்து என் வீட்டுக்காரரிடமும் அந்தப் பெயர்களையே சொல்வேன். "ஏளா, மொதல்ல சோத்தப் போடு. பேரு அப்புறம் வச்சுக்கிடலாம்" என்பார்.

வழக்கமாகச் சோறு தம்மில் ஏறும் முன்பே நான் கிளம்பிவிடுவேன். அம்மாளின் ஒரே மகள் கனடாவுக்குக் குடிபோகிற அன்று மட்டும் இருந்தேன். மதியத்துக்குச் சோற்றை வடித்து, நெய் விட்டுத் தம்மில் போட்டுவிட்டு அம்மாள் குளிக்கப் போனார். நான் மூடியைத் திறந்து ஓரத்தைக் கரண்டியால் நெம்பிப் பார்த்தேன். அடி பிடித்திருந்தது. அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, மேல்சோற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, பானையில் தண்ணீரை ஊற்றி ஊறப் போட்டேன். இந்தக் கை சும்மா இருந்தால்தானே.

குளித்து வந்தவர் பானையைப் பார்த்தார். திட்டவில்லை, முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகள்தான் சொன்னாள். அந்த முறுகல் அடிக்குத் தஹ்தீக் என்று பெயராம். விருந்தாளிக்கு அவர்கள் முதலில் வைப்பதே அதைத்தானாம். அம்மா கையால் இனி எப்போது கிடைக்குமோ என்று அவள் காலையிலிருந்து காத்திருந்திருக்கிறாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது எனக்கு.

டாக்ஸி வர இரண்டு மணி நேரம் இருந்தது. நானே அரிசியைக் களைந்தேன். சாமான்களை ஒவ்வொன்றாக அடுப்பருகில் எடுத்து வைத்து, "தீக், ஆப்கேஷ், கஃப்கீர்" என்றேன். அம்மாள் எழுந்து வந்தார். இந்தத் தடவை பானையை யாரும் தொடாதபடி நானே காவல் நின்றேன். மகள் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடியே கறுக்முறுக்கென்று தின்றாள். அம்மாள் ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

மறுநாள் வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மாள் பழைய அளவுக்கே அரிசி போட்டிருந்தார். பானையைக் கவிழ்த்து, கழன்று விழுந்த அடியிலிருந்து பெரிய துண்டாக உடைத்து என் தட்டில் வைத்தார். அது மகளுடைய பங்கு. எனக்கு அதை வாயில் வைக்கவே மனம் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் முழுசையும் தின்றேன்.