தூளி ஆடிய தாளம்

போன வாரம் என் அண்ணன் மகள் என் ஃபோனுக்கு ஒரு டிரம்ஸ் கடையையே அனுப்பிவிட்டாள். சென்னையில் கணினியில் இசை சேர்ப்பது அவள் வேலை. டிரம்ஸ் செட், வாசிப்பவர், அறை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. டேப் இரைச்சல் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு பொத்தான். எழுபதுகளில் பதிவான மாதிரி ஒரு பாட்டு செய்கிறாளாம். டிரம்ஸ் சத்தம் மட்டும் நான்கு துண்டுகளாக அனுப்பி, "அத்தை, இதுல எது அந்தக் காலத்து சவுண்டுன்னு சொல்லு" என்று கேட்டிருந்தாள்.

எனக்கு எதையும் வரிசை போட்டுப் பார்த்தால்தான் நிம்மதி. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலாவதில் பேஸ் டிரம் வீட்டையே ஆட்டுகிறது. இரண்டாவதில் சிம்பல் அடங்கவே மாட்டேன் என்கிறது. மூன்றாவது பளிச்சென்று, கழுவி வைத்த எவர்சில்வர் மாதிரி. நான்காவதில்தான் 'தொப்' என்று ஒரு சத்தம், வாயில் துணி வைத்து அடைத்ததுபோல. அதைக் கேட்டதும் எனக்கு இலவம்பஞ்சு வாசனை வந்துவிட்டது.

அது ஏழுமலை வீட்டுத் தலையணை. பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி நெய்துகொண்டு, சாயங்காலமானால் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தவர் ஏழுமலை. காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம்முக்குள் அந்தத் தலையணையைத் திணித்திருப்பார். ஸ்நேர் டிரம் மேல் கழிவுப் பட்டுநூல் ஒரு கொத்து கிடக்கும், கணகணப்பை அடக்க. மற்ற டிரம்களுக்கு ஆளுக்கொரு ஈரிழைத் துண்டு. வேறெந்த ஊரிலும் பட்டு போர்த்திய டிரம்ஸ் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நான் அப்போது பாலிடெக்னிக் முடித்து, ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சால்டரிங் இரும்போடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே பழுதாகாத ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கடையில் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் இருந்தது. குழுவை நடத்திய மணி அண்ணன் அதைப் பார்த்துத்தான் என்னிடம் வந்தார். சென்னையில் பொருட்காட்சிக் கச்சேரிக்குக் குழுக்களைத் தேர்வு செய்கிறார்கள், ஒரு பாட்டைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். ஏழுமலைக்கு வேகம் சரியாக நிற்கிறதா என்று அவருக்குச் சந்தேகம். டேப்பில் சரியாக வராவிட்டால் அரக்கோணத்திலிருந்து டிரம்ஸ் வாசிக்கும் ஒரு ரயில்வேக்காரரை அழைத்துக்கொள்ளப் போகிறாராம். அப்படிச் சொன்னது ஏழுமலைக்கும் தெரிந்திருந்தது.

நான் திட்டம் போட்டேன். என் கணக்கில் எதிரி தறிச் சத்தம். ஏழுமலை வீட்டுக் கூடத்தில்தான் ஒத்திகை. சுவருக்கு அந்தப் பக்கம் பொழுது சாயும்வரை லொடக் லொடக்கென்று தறி ஓடும். அமாவாசையன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். ஆகவே அமாவாசை. கடிகாரத்தை நிறுத்தினேன். ஜன்னலில் மெத்தையைச் சாத்தினேன். ஏழுமலையின் மனைவி வள்ளியிடம், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போய்விடச் சொன்னேன். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் அது ஒருவரை அவர் வீட்டிலிருந்தே வெளியேற்றுவதுதான்.

மைக் ஒன்றே ஒன்று. உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். டேப் சுழன்றது. தெருவே அமைதி. பல்லவி முடிவதற்குள் ஏழுமலை தாளத்தில் ஓட ஆரம்பித்துவிட்டார். சரணத்தில் ஆர்மோனியம் மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தோம். இன்னும் வேகமாக ஓடினார். மணி அண்ணன் என்னைப் பார்த்தார். அரக்கோணம் அந்தப் பார்வையில் இருந்தது.

ஏழுமலை குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"பக்கத்து வூட்டுத் தறிய கேட்டுக்கினுதான்மா எப்பவும் வாசிப்பேன். இன்னிக்கு அது இல்ல. காலு எங்க நிக்கறதுன்னே தெரியல."

தாளத்துக்கு அவர் வைத்திருந்த துணையைத்தான் நான் நாள் பார்த்து அகற்றியிருக்கிறேன். பக்கத்து வீட்டில் போய்க் கேட்டோம். அமாவாசையில் தறி மிதிப்பதா என்று அந்த அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்து, காபி வேண்டுமானால் தருகிறேன் என்றார்.

அதற்குள் வாசலில் குழந்தை வீறிட்டு அழுதது. பக்கத்துத் தெருவிலிருந்து திரும்பிய வள்ளி, இதற்குமேல் முடியாது என்று உள்ளே வந்து, என்னைக் கேட்காமலேயே, கூடத்து மூலையில் உத்தரத்தில் கட்டியிருந்த புடவைத் தூளியில் குழந்தையைப் போட்டு ஆட்டத் தொடங்கினார். "நீங்க பாட்டுக்கு வாசிங்க. நா பேசல" என்றார். தூளி ஒரே சீராகப் போய் வந்தது. ஊசலைப் பற்றி எனக்குப் பாலிடெக்னிக்கில் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனாலும் நான் கயிறு கிறீச்சிடுவதைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். ஏழுமலையின் கண் தூளி மேல் நின்றது. பிறகு அவர் கால் தாளத்தில் நின்றது.

அந்தத் தடவை பாட்டு ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஏழுமலை ஓடவே இல்லை, ஒரே வேகம். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் மெல்லிய கிறீச் ஒன்று பதிவாகியிருந்தது. மணி அண்ணன் இரண்டு முறை கேட்டார். "இது என்னா வாத்தியம்மா?" என்றார். "உங்க டிரம்மர் வீட்டு வாத்தியம்" என்றேன். வள்ளி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அரக்கோணத்துக்கு ஆள் போகவில்லை.

குழு தேர்வானது. பொருட்காட்சி மேடையில் தூளி கட்ட முடியாதே என்று எனக்குக் கவலை. முதல் வரிசையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வள்ளி உட்கார்ந்திருந்தார். பாட்டு முழுக்க முழங்காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். கூட்டத்துக்கு அது ஒரு தாய் பிள்ளையைத் தாலாட்டுவது. அன்று கூடத்தில் இருந்த எங்கள் ஆறு பேருக்குத்தான் விஷயம் தெரியும்.

பிள்ளை ஓடியாடும் வயது வந்த பிறகும் ஒத்திகைக்குத் தூளி கட்டப்பட்டது. உள்ளே ஒரு பூசணிக்காய். ஒத்திகை முடிந்ததும் அதைக் குழம்புக்கு நறுக்கிவிடுவார்கள்.

அனுப்பிய டேப் திரும்பி வரவில்லை. விசாரித்தபோது, அதன் மேல் வேறு எதையோ பதிவு செய்துவிட்டதாகச் சொன்னார்கள். அப்போது அது வழக்கம்தான், டேப் விலை அப்படி. மணி அண்ணன் போன பிறகு குழு கலைந்தது. ஏழுமலையும் இல்லை. சென்ற ஆண்டு அந்தத் தெரு வழியாகப் போனேன். ஓட்டு வீட்டை இடித்து மாடி எழுப்பியிருக்கிறார்கள். திறந்திருந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. உத்தரம் இருந்த இடத்தில் கான்கிரீட் தளம், நடுவில் ஒரு கொக்கி. அதில் மின்விசிறி சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.