ஒரே குடி

பெட்டிக்குள் ஓணான் நகத்தால் சுரண்டியது. வாவியின் நடுவே இருக்கும் இந்தத் திட்டில் ஓணான்களைப் பிடித்து, வால் நுனியில் சிறு துண்டெடுத்து வம்சம் பார்ப்பவர் பேராசிரியை. பெட்டியைத் தூக்குவதும் பிறகு திறந்து விடுவதும் என் வேலை.

"சுத்திவரத் தண்ணி, அக்கா. வெளியால இருந்து ஒண்டும் வாறல்ல. எல்லாம் ஒரே தாய்வழி. தங்களுக்குள்ளயே கட்டிக் கட்டி மெலியுதுகள்," என்றார் அவர்.

"எங்கட ஆக்கள் அப்பிடிக் கட்ட விடமாட்டாங்க, மிஸ். தாய்வழியில ஒரே குடி எண்டா அண்ணன் தங்கச்சி முறை."

அவர் சிரித்தார். நான் அந்தச் சுரண்டலையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் பத்து வயதில் பெரியக்கா விரும்பியவர் எங்கள் குடிதான். அது தெரிந்த அன்றே அம்மா அவளை நெல் மூட்டை அடுக்கிய அறையில் அடைத்தார். அறைப்பக்கம் போனாலே உமி மணக்கும். பின்னேரம் அவள் கதவை நகத்தால் சுரண்டி என்னைக் கூப்பிட்டாள்.

"புள்ள, கொண்டிய மட்டும் எடுத்து விடு. அவர் பஸ்ஸடியில நிக்கிறார்."

கதவின் வெளிப்பக்கக் கொண்டி என் கைக்கு எட்டும். குசினியில் அம்மா மீன் உரசும் சத்தம் கேட்டது. நான் சட்டையைப் பிடித்தபடி நின்றேன். பஸ் வந்து நின்றதும் புறப்பட்டதும் எங்கள் இருவருக்கும் கேட்டன. சுரண்டல் நின்றது.

மறுநாள் அம்மாவே கதவைத் திறந்தார். பெரியக்கா இன்றும் அந்த வீட்டில்தான் தனியே இருக்கிறாள்.

"திறந்து விடுங்க, அக்கா," என்றார் பேராசிரியை.

மூடியை எடுத்தேன். ஓணான் தண்ணீர் வரை ஓடியது. அங்கே சற்று நின்று, திரும்பி வந்தது.