சிலேட்டில் நாலு வரிசை

எனக்கு வயது எண்பத்திரண்டு. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். வாராவாரம் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் பேத்தி கயல். போன வாரம் அவள் போனில் இடமில்லை என்று வந்துவிட்டது. "வேற போன் வாங்கணும் ஆயா" என்றாள்.

இடமில்லையா? உன் பெரியம்மாவைக் கேள் என்றேன்.

என் மூத்தவள் செல்வி இன்ஜினியர். இடஒதுக்கீடு கேட்டு ஊரெங்கும் மறியல் நடந்த வருஷம், பெங்களூரில் அவளுக்குப் புது வேலை. டெலிபோனில் வரும் குரலை எண்களாக்கி, கணக்குப் போட்டு, இரைச்சலை மட்டும் கழிக்கிற சிப்... அதற்கு புரோகிராம் எழுதினாள். லீவில் எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கு வந்தவள் மாட்டிக்கொண்டாள். ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்கும் பஸ் இல்லை, மலைக்கும் இல்லை. கடைகளும் திறக்கவில்லை.

அவள் முகமே சரியில்லை.

"இன்னாடி?"

"புரோகிராம் ஒழுங்காத்தான் ஓடுதும்மா. ஆனா சிப்போட மெமரில அடங்கல. நான் போறதுக்குள்ள வழி பாக்கலன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"மெமரின்னா?"

"கணக்கு போட்டு வெக்கிற இடம். ரொம்பக் கம்மி."

மூன்றாம் நாள் அவள் கணக்குப் போட்டுப் பார்த்த பேப்பர் தீர்ந்தது. வீட்டில் இருந்தது ஒரே சிலேட் — என்னுடையது, முதியோர் கல்வி வகுப்பில் கொடுத்தது. முதன்முதலாக என் பேரை நானே எழுதி, அழியக் கூடாதென்று பரணில் வைத்திருந்தேன்.

"உன் பேரு இருக்கேம்மா."

முந்தானையால் துடைத்துக் கொடுத்தேன். "கை இருக்குது. திரும்ப எழுதிக்கிறேன்."

என் நாத்தனார் சும்மா இருப்பாளா? "காலேஜ் முடிச்சிட்டு ஒண்ணாங் கிளாஸ் சிலேட்டா?"

செல்வி குரலின் எண்களை அதில் எழுத ஆரம்பித்தாள். சிலேட்டில் நாலு வரிசைதான் பிடித்தது. ஐந்தாவதுக்கு, மேல் வரிசையை எச்சில் தொட்டு அழித்து அங்கேயே எழுதினாள். அடுத்ததுக்கு இரண்டாவதை. அடி வரை போய், மறுபடி மேலே. நான் வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று அவள் கை நின்றது.

"எம்மா... அழிச்ச எதுவுமே எனக்குத் திரும்பத் தேவைப்படல."

"அதுக்கு இன்னா இப்போ?"

"இங்க நாலே வரிசைல நடக்குது. அங்க மட்டும் வந்த குரலையெல்லாம் ஏன் சேத்து வெச்சிக்கினு இருக்கேன்?"

மிச்ச நாளெல்லாம், மளிகைப் பொட்டலங்களைப் பிரித்து நான் கொடுத்த தாள்களில் புரோகிராமைத் திருத்தி எழுதினாள். ரோடு திறந்ததும் முதல் பஸ்ஸில் போனாள்.

பத்து நாளில் கார்டு வந்தது. நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'அடங்கிவிட்டது அம்மா. இடம் மீதியும் இருக்கிறது.'

தெருவில் யாரிடமெல்லாம் காட்டினேன் என்று கேட்காதீர்கள். நாத்தனாரிடம் இரண்டு முறை.

எது வேண்டாம் என்று தெரிவதற்கும் படிப்பு வேண்டியிருக்கிறது, பாருங்கள். ஒரே பிரியாணியைப் பதினாலு போட்டோ எடுத்து வைத்திருப்பவளுக்கு எந்தப் போன் போதும்?

"கயலு, எழுதினதைப் படி, கேக்கிறேன். ஜாஸ்தியா இருந்தா அழிச்சிடு. அடியில மட்டும் இடம் வுடு — என் பேரை நானே எழுதுறேன்."