ஸ்பீக்கர் அண்ணனின் ஒன்றரை நொடி

நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஸ்பீக்கர் அண்ணன் கழுத்தை இடது பக்கம் வளைத்து, எதிரே இருப்பவரின் காதுக்குப் பின்னால் நிழல் விழுகிறதா என்று எட்டிப் பார்க்கிறார். தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்கிறார். நாற்காலியின் ஒரு கால் தரையை விட்டுக் கிளம்புகிறது. அவர் எட்டிப் பார்ப்பது கம்ப்யூட்டர் திரைக்குள். அந்தக் காதும் அதன் நிழலும் பஸ்ஸில் ஆறு மணி நேரம் போனால் வரும் ஊரில் இருக்கின்றன. இப்படிச் சாய்ந்து இரண்டு முறை கீழே விழுந்திருக்கிறார். ஆனாலும் சாய்வார், இருபத்திரண்டு வருஷமாகப் போட்டோ எடுக்கும் பழக்கம்.

நர்ஸ் வேலை பார்க்கும் மனைவிக்கு மலையூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது. கூடவே கிளம்பித்தான் ஆக வேண்டும். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் கடையை மூடவும் மனசு வரவில்லை. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, கடைக் கம்ப்யூட்டரோடு ஒயரில் இணைத்து, அந்தக் கம்ப்யூட்டரை வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே இயக்க ஏற்பாடு செய்துகொண்டார். வெளிச்சத்தைக் கூட்டுவது, போகஸ் பிடிப்பது, கிளிக் செய்வது எல்லாம் இங்கிருந்து. ஆட்களை உட்காரவைப்பது, பிரிண்ட்டை வெட்டிக் கவரில் போடுவது அங்கே இருக்கும் அவருடைய சொந்த அக்கா. பட்டனை மட்டும் அக்காவிடம் கொடுப்பதில்லை. ஒரே ஒரு முறை அழுத்தினார், ஸ்டாண்டோடு கேமரா சாய்ந்தது.

அவருடைய குரல் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பீக்கரிலிருந்து வரும். அதனால் அந்தத் தெருவுக்கே அவர் ஸ்பீக்கர் அண்ணன். வாய் ஓயாது. தாடையை இறக்கச் சொல்வார், தோளைத் தளர்த்தச் சொல்வார், ஊர் சமாச்சாரம் விசாரிப்பார், நடுவில் சிரிக்கக் கூடாது என்று எச்சரிப்பார். அந்த எச்சரிக்கையைக் கேட்டு சிரிக்காதவர் கிடையாது. காது மந்தமான பெரியவர் ஒருவர், கேமராதான் பேசுகிறது என்று நினைத்து அதனிடம் அரை மணி நேரம் தன் மருமகனைப் பற்றிக் குறை சொல்லிவிட்டுப் போனார். அண்ணனும் மருமகன் செய்தது தப்புதான் என்று ஒத்துக்கொண்டார்.

வாடிக்கையாளர்கள் அவரைப் பார்க்க முடியாது. இருந்தாலும் காலையில் சட்டைக்கு இஸ்திரி போடாமல் உட்கார மாட்டார். கீழே அரைக்கால் டவுசர்தான். யாருக்காக இந்த இஸ்திரி என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். "அவங்க எனக்காகத் தலை சீவிட்டு வர்றாங்கல்ல?" என்பது ஒரே பதில்.

தொழிலில் ஒரே ஒரு இடைஞ்சல். கடையில் நடப்பது அவர் திரைக்கு வந்து சேர ஒன்றரை நொடி ஆகும். அவர் பார்ப்பதெல்லாம் நடந்து முடிந்த கதை. கண் திறந்திருக்கிறதே என்று கிளிக் செய்தால், அதற்குள் அங்கே கண் மூடியிருக்கும். ஆரம்பத்தில் ஊரில் பாதிப் பேரைத் தூங்கவைத்துவிட்டார். பிறகு ஒரு வித்தை பிடிபட்டது. ஒருவர் எத்தனை நொடிக்கு ஒரு தடவை இமைக்கிறார் என்று கூடவே இமைத்துப் பார்ப்பார். கணக்கு பிடிபட்டதும் திரையை நம்பாமல் தன் கண்ணை நம்பி அழுத்துவார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஏழு மாதப் பெண் குழந்தையோடு ஒரு பெண் வந்தார். பன்னிரண்டு மணிக்குப் பாஸ்போர்ட் ஆபீஸில் இருக்க வேண்டும். ஏற்கெனவே வேறு இடத்தில் எடுத்த போட்டோக்களை இரண்டு தடவை திருப்பிவிட்டார்கள். ஒன்றில் குழந்தையின் வாய் திறந்திருந்தது, மற்றதில் பார்வை எங்கேயோ இருந்தது. இன்றும் தவறினால் மூன்று மாதம் கழித்துத்தான் அடுத்த வாய்ப்பு. அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். "அவர் இன்னும் இவளைக் கையில தூக்கினதே இல்லண்ணா," என்றார் அந்தப் பெண், கேமராவைப் பார்த்து. அண்ணன் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துக்கொண்டார்.

அம்மா உட்கார, போட்டோவில் பின்னணி வெள்ளையாகத் தெரிய அவரைத் தலையோடு வெள்ளைத் துணியால் போர்த்தி, மடியில் குழந்தையை நிமிர்த்தி வைத்தார் அக்கா. அண்ணன் ஆரம்பித்தார். செல்லம், தங்கம், இங்கே பார், இங்கே பார். குழந்தை உடனே திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தது. மறுபடி கூப்பிட்டார், மறுபடி ஸ்பீக்கர். சொன்ன பேச்சை இத்தனை ஒழுங்காகக் கேட்ட வாடிக்கையாளர் அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை. முப்பத்தொரு போட்டோவிலும் ஒரே கன்னம். ஸ்பீக்கரைக் கழற்றலாம் என்றால் ஏணி வேண்டும். ஏணியைப் பக்கத்துக் கடைக்காரர் வாங்கிப் போய் ஒரு வாரம்.

மணி பதினொன்று அடித்தபோது அக்கா பொறுமை இழந்தார். "குரல் வர்ற பக்கம்தானேடா அது பாக்கும். நீ வாயை மூடு, அது போதும்."

அண்ணன் மைக்கை அணைத்தார். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அவர் வாய் மூடியது அதுதான் முதல் முறை. பேசாமல் போட்டோ எடுப்பது அவருக்குக் கையைக் கட்டிக்கொண்டு சாப்பிடுவது மாதிரி. குழந்தையோ நின்றுபோன குரல் எப்போது வரும் என்று ஸ்பீக்கரையே பார்த்துக் காத்திருந்தது. துணிக்குள்ளிருந்து, "முடியாதாண்ணா?" என்று கேட்டது அம்மாவின் குரல். பதில் சொல்ல வாயெடுத்தவர் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டார்.

சும்மா இருக்க முடியாத கை மவுஸை உருட்டி போகஸைக் கலைத்தது. அது பழைய லென்ஸ். போகஸ் மாறும்போது மூக்கை நீட்டி இழுத்து, கிர்ர் கிர்ர் என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காக அவர் வெட்கப்படாத நாளில்லை. குழந்தை திரும்பி, மூச்சு விடாமல் லென்ஸைப் பார்த்தது. நீட்டினார், இழுத்தார். கண் இரண்டும் அகல விரிந்தன. வாயும்தான் விரிந்தது.

அண்ணனும் வாயைத் திறந்துகொண்டார். குழந்தை எச்சில் விழுங்கும் நேரத்துக்கு மட்டும் உதடு சேர்கிறது, மறுபடி திறக்கிறது. அதோடு சேர்ந்து அவரும் விழுங்கினார், திறந்தார், விழுங்கினார். டூட்டிக்குக் கிளம்பிய மனைவி வாசலில் நின்று, நாற்பத்தெட்டு வயதுப் புருஷன் இஸ்திரி போட்ட சட்டையோடு மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டினார். ஆறாவது தடவை, திரையில் குழந்தையின் வாய் நன்றாகத் திறந்திருக்கும்போதே அண்ணன் தன் உதட்டைச் சேர்த்து, பட்டனை அழுத்தினார்.

வந்தது. நேர்ப் பார்வை, மூடிய வாய், இரண்டு காதும் தெரிந்தன. "வந்துடுச்சுக்கா, வந்துடுச்சு!" என்று கத்தினார். மைக் அணைந்திருந்ததால் மலையூரில் பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டுமே கேட்டது. கடையில் அக்கா முகம் வாடி நிற்க, பிரிண்டர் தானாக ஓட ஆரம்பித்த பிறகுதான் அங்கே விஷயம் தெரிந்தது. அம்மா துணியை உதறிவிட்டு, குழந்தையையும் கவரையும் அள்ளிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

பன்னிரண்டேகாலுக்கு அண்ணனின் போன் அடித்தது. "வாங்கிக்கிட்டாங்களாம்," என்றார் அக்கா. "அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே சொல்லுச்சு."

அண்ணன் போனைக் கீழே வைத்தார். அந்தப் போட்டோவைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார். குழந்தையின் கீழுதட்டு ஓரத்தில் ஒரு சொட்டு எச்சில் மின்னிக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் அதை மெதுவாகத் துடைத்துவிட்டார்.