அரைப்பல்லைக் காப்பாற்றினேன்

வாசுதேவநல்லூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அது நடந்தது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பஸ் படியில் ஒரு கால்தான் வைத்திருந்தேன். அதற்குள் விசில் கொடுத்துவிட்டார்கள். வண்டி குலுங்கி நகர, என் வாய் நேராகப் போய்க் கைப்பிடிக் கம்பியில் மோதியது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டில் ஒன்று வேரோடு விழுந்துவிட்டது. மற்றது பாதி உடைந்து நின்றது.

சங்கரன்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். வெளியூர் எண்ணைக் கேட்பவர்களுக்கு லைன் போட்டுக் கொடுப்பது வேலை. வீக்கம் வடிந்து வேலைக்குப் போன அன்று, "தூத்துக்குடி" என்று சொன்னேன். வெறும் காற்றுதான் வந்தது. எதிர்முனையில் இருந்தவர் மூன்று முறை கேட்டார். தென்காசியும் அப்படித்தான் ஆனது. நாக்கு போய்த் தொட அங்கே பல் இல்லை. மதியமே என்னை லைன் போடும் போர்டிலிருந்து எழுப்பி, டிரங்க் கால் பதிவு செய்யும் சீட்டுகளை எழுத உட்கார வைத்தார்கள். யாரும் கடிந்து பேசவில்லை. ஆனால் இப்படியே விட்டால் இந்த நாற்காலியிலேயே இருந்துவிடுவேன் என்று தெரிந்தது. எப்படியும் போர்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அப்பா இல்லை, வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு வேறு கவலை. இரண்டு மாதத்தில் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதற்குள் பல் நிற்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குத் தெரியவும் கூடாது. திருநெல்வேலியில் ஒரு பல் டாக்டரிடம் இருவரும் போனோம்.

டாக்டர் வயதானவர், அவசரமில்லாமல் பேசுவார். மூன்று வழி இருப்பதாகச் சொன்னார். உடைந்த பல்லையும் பிடுங்கிவிட்டு, கழற்றி மாட்டும் கட்டுப்பல் இரண்டு வைக்கலாம்; சீக்கிரம் முடிந்துவிடும். அல்லது, பிடுங்கிய பிறகு இரண்டு பக்கத்துப் பற்களையும் அரைத்து, அவற்றின் மேல் கழற்ற முடியாதபடி நான்கு பற்களைச் சேர்த்து ஒட்டிவிடலாம். மூன்றாவது, உடைந்த பல்லின் வேர் நன்றாக இருப்பதால் நரம்பை எடுத்து, உள்ளே அடைத்து, மேலே பல் வடிவில் ஒரு கேப் போடுவது. விழுந்த ஒன்றுக்கு மட்டும் கட்டுப்பல். அதற்குப் பல தடவை வர வேண்டும், வலியும் இருக்கும்.

அம்மா உடனே இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாள். "கழத்தி வைக்கிற பல்லுன்னா நாலு பேருக்குத் தெரிஞ்சிரும். ஒட்டிருங்க டாக்டர்."

நான் பக்கத்துப் பற்களை நாக்கால் தடவிப் பார்த்தேன். அடி வாங்காமல் தப்பிய பற்கள். அரைத்தால் மறுபடி வளருமா என்று கேட்டேன்.

"வளராதும்மா. அரைச்சது அரைச்சதுதான்," என்றார் டாக்டர்.

"அப்போ மூணாவதே செய்ங்க. எத்தனை தடவைன்னாலும் வாரேன்."

திரும்பும் பஸ்ஸில் அம்மா என்னை விட்டுத் தள்ளி வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு வார விடுமுறை நாளெல்லாம் மானூர் வழியாகத் திருநெல்வேலி போகும் பஸ்ஸில்தான் கழிந்தது. நரம்பு எடுத்த அன்று மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. நிறுத்தட்டுமா என்று டாக்டர் கேட்டார். வேண்டாமென்று கையாட்டினேன். நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததில் விரல்களெல்லாம் வெளுத்திருந்தன. கேப் போட்டு, கட்டுப்பல்லும் பொருத்தி முடிய ஏழு வாரம் ஆனது.

அதோடு முடியவில்லை. மேலண்ணத்தில் கட்டுப்பல்லின் தகடு ஒட்டியிருக்க, வாய்க்குள் மாங்கொட்டையை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் குரல் குழறியது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தூத்துக்குடி, தென்காசி, தஞ்சாவூர், திண்டுக்கல் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஈறு புண்ணாகி, ஒருமுறை டாக்டரிடம் போய்த் தகட்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். பத்தாம் நாள் மேற்பார்வையாளரிடம் போய், ஒரு மணி நேரம் போர்டில் உட்கார விடுங்கள், யாராவது ஒருவர் மறுபடி கேட்டாலும் எழுந்துவிடுகிறேன் என்றேன். யாரும் கேட்கவில்லை. அன்று பணி முடியும்வரை ஹெட்போனைக் கழற்றவில்லை.

அந்த வாரக் கடைசியில் பெண் பார்க்க வந்தார்கள். வாயே திறக்காதே என்று அம்மா சொல்லியிருந்தாள். மறைத்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு தினமும் ஒளித்து ஒளித்துப் பல்லைக் கழுவ என்னால் முடியாது என்று தோன்றியது. காபியைக் கொடுத்துவிட்டு நின்றபடியே சொன்னேன்: "எனக்கு முன்னால ஒரு பல்லு கட்டுப்பல்லு. பஸ்ல அடிபட்டுப் போயிட்டு. பிறகு தெரிஞ்சு வருத்தப்படக் கூடாதுன்னு இப்பவே சொல்லுதேன்."

மாப்பிள்ளையின் அத்தை தட்டைக் கீழே வைத்தார். தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். ஒரு தகவலும் வரவில்லை. அம்மா இரண்டு நாள் அழுதாள். எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் சொன்னதற்காக வருத்தப்படவில்லை.

மறு வருடம் கடையநல்லூர்ப் பக்கமிருந்து இன்னொரு சம்பந்தம் வந்தது. பையன் பள்ளிக்கூட ஆசிரியர். அவர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிக்குமுன்பே அம்மா ஆரம்பித்தாள். "எம் பிள்ளைக்கு ஒரு பல்லு கட்டுப்பல்லு. இன்னொண்ணு பாதி போயும் அவ பிடுங்கச் சம்மதிக்கல, வலி பொறுத்து காப்பாத்தி வச்சிருக்கா."

மாப்பிள்ளை என்னைப் பார்த்து, கரும்பு கடிக்க முடியுமா என்று கேட்டார். முன்பல்லால் முடியாது, கடைவாயால் கடிப்பேன் என்றேன். அந்தத் தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.